கணிதமேதை ராமானுஜனைக் கொண்டுபோனது காசநோயா, கல்லீரல் சீழ்க்கட்டியா?

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் நம்மில் பலர் தினமும் போய் வருகிறோம். 1919ஆம் ஆண்டு கோடையில் அந்தச் சாலையில் வெங்கட விலாஸ் என்ற வீட்டில் ஒரு நோயாளி படுத்திருந்தார். வயது 31. இங்கிலாந்தின் ராயல் சொசைட்டிக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவான முதல் இந்தியர். கொழுகொழுவென்று கப்பல் ஏறிப் போனவர், ஐந்து ஆண்டு கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்தார். ஊரெல்லாம் காசநோய் என்றது. மருத்துவர்களும் அதையே சொன்னார்கள். மறு ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி சேத்துப்பட்டில் அவர் இறந்தபோது, காரணம் காசநோய் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

சீனிவாச ராமானுஜன் கணிதத்தில் என்ன செய்தார் என்பதை விளக்க நான் தகுதியானவன் அல்ல. மதரஸாவுக்குப் பிறகு நான் எடுத்த பட்டமும் கலைப் பட்டம்தான், கணக்கு எனக்குத் தூரம். அவருடைய உடம்பில் என்ன நடந்தது என்பது மட்டுமே இந்தக் கட்டுரையின் விஷயம். மஞ்சள் காமாலைக்கு ஓதிப் பார்க்கச் சொல்லி என்னிடம் வருகிற குடும்பங்களைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாயின் தாய்வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். தந்தை ஜவுளிக்கடையில் கணக்கெழுதியவர். இரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தார். டவுன் ஹைஸ்கூலில் முதல் மாணவனாக வந்து, கல்லூரியில் உதவித்தொகையும் பெற்றார். பிறகு கணக்கைத் தவிர வேறெதையும் தொடாததால் ஆங்கிலத்தில் தோற்று அந்த உதவித்தொகையை இழந்தார்.

1906ல் மெட்ராஸுக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. பிராட்வே பக்கம் பாட்டியோடு தங்கியிருந்தார். வந்த சில மாதங்களில் கடுமையான சீதபேதி பிடித்தது. படிப்பை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி மூன்று மாதம் படுத்துக் கிடந்தார். பிறகு தேறினார். வீட்டார் மறந்தார்கள், அவரும் மறந்தார். வாழ்க்கை வரலாறுகளில் இது ஒன்றிரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. என் பார்வையில் அவருடைய வாழ்க்கையின் மிக முக்கியமான சம்பவங்களில் இதுவும் ஒன்று.

அந்தக் காலத்து மெட்ராஸின் தண்ணீரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு நீர் வந்து, வடிகட்டாமலேயே ஊருக்குள் போனது. மணல் வடிகட்டிகள் வைத்த நீர்நிலையம் செயல்பட ஆரம்பித்தது 1914ல். ராமானுஜன் கப்பல் ஏறியதும் அதே ஆண்டுதான்.

பச்சையப்பனில் அவர் தோற்ற பாடங்களில் ஒன்று உடலியல். உணவு செரிக்கும் விதத்தைப் பற்றிய கேள்விக்கு, அந்தப் பாடம் தமக்கே செரிக்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்ற பொருளில் விடைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று ஒரு செய்தி உண்டு. படிக்கும்போது சிரிப்பு வரும். அவருடைய முடிவைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்தால் சிரிப்பு வராது.

1906லும் 1907லும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. 1909ல் ஜானகியோடு திருமணம், மணமகளுக்கு அப்போது பத்து வயது. 1910 தொடக்கத்தில் விரைவீக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. வீட்டில் பணம் இல்லை, மருத்துவர் ஒருவர் இலவசமாகச் செய்தார். பிறகு நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச்சில் மெட்ராஸ் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. திருவல்லிக்கேணியில் குடியிருந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தின் கதை பாடப்புத்தகங்களில் இருக்கிறது. 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் புறப்பட்டார். புறப்படுவதற்கு முன் இந்தியாவில் அவருக்கு இரண்டு முறை சீதபேதி வந்திருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கதையைச் சற்று நிறுத்திவிட்டுக் கல்லீரலைப் பார்த்துவிடலாம்.

ஈரல் நமக்குப் பழக்கமான உறுப்பு. பக்ரீத் அன்று குர்பானி கொடுத்ததும் பல வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது அதுதான். மனிதனுக்கு அது வலது விலாவுக்குக் கீழே, சுமார் ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிறது. குடலில் செரித்த உணவின் சாரத்தை ஏற்றிய இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. முதலில் போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் போகிறது. சர்க்கரையைச் சேமித்து வைப்பது, நஞ்சை முறிப்பது, இரத்தம் உறையத் தேவையான புரதங்களைத் தயாரிப்பது, பித்தநீரைச் சுரப்பது எல்லாம் அங்கேதான். குடலில் என்ன அழுக்கு இருந்தாலும் அதை முதலில் சந்திக்கும் உறுப்பும் அதுவே.

இன்னொரு விஷயம். கல்லீரலின் உள்ளே வலி தெரியும் நரம்பு இல்லை. மேலே போர்த்தியிருக்கும் உறை இழுபட்டால்தான் வலிக்கும். அதனால் உள்ளே பாதி கெட்டுப்போனாலும் அது சத்தம் போடாது. இழந்த பகுதியைத் தானே வளர்த்துக்கொள்ளும் ஆற்றலும் உண்டு என்பதால் நீண்ட நாள் சமாளித்துக்கொண்டே போகும். சமாளிக்க முடியாத நிலை வந்த பிறகுதான் கண் மஞ்சளாவது, வயிற்றில் நீர் கோப்பது, கால் வீங்குவது, இரத்த வாந்தி, நினைவு தடுமாறுவது என்று வரிசையாகத் தெரியும்.

பழைய சிவப்பணுக்கள் அழியும்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருளைக் கல்லீரல் பித்தநீரில் சேர்த்து வெளியேற்றுகிறது. அந்த வேலை தடைபட்டால் அது இரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தெரிகிறது. ஆகவே மஞ்சள் காமாலை ஓர் அறிகுறி மட்டுமே, தனி நோய் அல்ல. பின்னால் என்ன நோய் என்று கண்டுபிடிக்க வேண்டும். அசுத்தத் தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் ஈ வகை கர்ப்பிணிப் பெண்களுக்கு உயிராபத்தானது. இரத்தத்தின் வழியாகவும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும் பி வகை பல ஆண்டுகள் பேசாமல் இருந்து கல்லீரலைச் சுருக்கிவிடும், புற்றுநோயாகவும் மாறும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் போடுகிறார்கள். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் இப்போது மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலோருக்குக் குணமாகிறது. மது அருந்துகிறவர்களுக்கு வருவதைச் சொல்ல வேண்டியதில்லை. மதுவைத் தொடாத நம் வீடுகளுக்குள்ளேயே இப்போது வந்திருப்பது கொழுப்புக் கல்லீரல். சர்க்கரை நோயும் தொப்பையும் இருக்கிற வீட்டில் பெரும்பாலும் இதுவும் இருக்கும். வாரம் இரண்டு வலீமா பிரியாணியும் ராத்திரி பதினோரு மணிப் பரோட்டாவும் சாப்பிடுகிற என் போன்றவர்கள் ஒரு தடவையாவது ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். எனக்கு முதல் நிலை என்று வந்தது. அன்றிலிருந்து லஸ்ஸிலிருந்து சாந்தோம் வரை நடக்கிறேன்.

இந்த நோய்களில் எதுவும் ராமானுஜனுக்கு வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதவில்லை. அவருக்கு வந்ததாகக் கருதப்படுவது வேறொன்று. அதன் வேர் 1906ன் சீதபேதியில் இருக்கிறது.

சீதபேதியில் இரண்டு வகை உண்டு. ஒன்று பாக்டீரியாவால் வருவது. மற்றொன்று அமீபா என்ற ஒரு செல் உயிரியால் வருவது. 1875லேயே ரஷ்யாவில் ஒரு மருத்துவர் சீதபேதி நோயாளியின் மலத்தில் இதைக் கண்டிருந்தார். அசுத்தத் தண்ணீரிலும் கழுவாத கீரையிலும் இது கடினமான ஓட்டுக்குள் உறங்கும் நிலையில் இருக்கும். வயிற்றுக்குள் போனதும் ஓட்டை உடைத்து வெளிவந்து பெருங்குடலில் புண் உண்டாக்கும். பேதி நின்றுவிட்டால் நோய் போய்விட்டது என்று நாம் நினைப்போம். சிலருக்கு அது குடலிலேயே சத்தமில்லாமல் தங்கிவிடும். மாதங்கள் கழித்து, சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து, குடல் சுவரைத் துளைத்து, அந்தப் போர்ட்டல் சிரையின் வழியாகக் கல்லீரலுக்குப் போய்ச் சேரும். அங்கே திசுவைக் கரைத்துக் குழியாக்கும். குழிக்குள் செம்பழுப்பு நிறத்தில் கூழ் போல் ஒரு திரவம் நிறையும். இதைத்தான் அமீபா கல்லீரல் சீழ்க்கட்டி என்கிறார்கள்.

அது வந்தவர்களுக்கு என்ன தெரியும்? விட்டு விட்டுக் காய்ச்சல், குறிப்பாக இரவில். உடம்பெல்லாம் வியர்வை. பசி இல்லை. எடை குறைந்துகொண்டே போகும். வலது விலாவுக்குக் கீழே கனமான வலி. சிலருக்கு அந்த வலி வலது தோள்பட்டையில் தெரியும், ஏனென்றால் கல்லீரலுக்கு மேலே இருக்கும் உதரவிதானத்தின் நரம்பு கழுத்துப் பக்கத்திலிருந்து வருகிறது. கட்டி மேல்பக்கம் வளர்ந்தால் நுரையீரலை அழுத்தி இருமலும் வரும். ஆனால் மஞ்சள் காமாலை பெரும்பாலும் இருக்காது. பேதியும் பலருக்கு அப்போது இருக்காது. இரவுக் காய்ச்சல், வியர்வை, மெலிவு என்றவுடன் நூறு ஆண்டுகளுக்கு முன் எந்த மருத்துவருக்கும் முதலில் எது ஞாபகம் வந்திருக்கும்?

கேம்பிரிட்ஜில் முதல் மூன்று ஆண்டுகள் ராமானுஜன் அசுரத்தனமாக வேலை செய்தார். உலகப்போர் நேரம். சைவ உணவுக்குத் தட்டுப்பாடு. தாமே சமைத்துக்கொண்டார், சில நாள் ஒரு வேளை மட்டும். தொடர்ந்து பல மணி நேரம் கணக்குப் போட்டுவிட்டு அதே அளவு தூங்குவார். 1917 வசந்த காலத்தில் காய்ச்சல் வந்தது, விடவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஐந்து இடங்களுக்கு மாற்றப்பட்டார். கேம்பிரிட்ஜில் ஒரு நர்சிங் ஹோம், மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம், டெர்பிஷயரில் மேட்லாக் சானடோரியம், பிறகு லண்டனில் இரண்டு மருத்துவ இல்லங்கள்.

முதலில் இரைப்பைப் புண் என்று சந்தேகித்தார்கள். பிறகு காசநோய் என்றார்கள். அதற்குச் சிகிச்சை திறந்த சன்னல், குளிர்ந்த காற்று, ஓய்வு. இங்கிலாந்தின் குளிரில் கணப்பு நெருப்பு இல்லாத அறையில் ஒரு கும்பகோணத்துக்காரர் படுத்திருந்தார். சானடோரியம் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை, சமையல்காரர்களோடு மனத்தாங்கல் வேறு. ஊரிலிருந்து கடிதமும் சரியாக வரவில்லை. வீட்டில் மாமியார் மருமகள் பூசல் நடந்துகொண்டிருந்தது.

லண்டன் மருத்துவர் பேட்டி ஷா என்பவர்தான் சற்று வேறு மாதிரி யோசித்தார். இந்தியாவில் ஏற்கெனவே ஓர் அறுவைச் சிகிச்சை நடந்திருப்பதைத் தெரிந்துகொண்டு, அது ஒருவேளை புற்றுநோய்க் கட்டியாக இருந்திருக்கலாம், இப்போது கல்லீரலுக்குப் பரவியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். சந்தேகம் தவறு. ஆனால் அவர் விரல் வைத்த இடம் சரி. கல்லீரல் வீங்கியோ தொட்டால் வலிக்கும்படியோ இருந்திருக்காவிட்டால் அந்த மருத்துவருக்குக் கல்லீரல் புற்றுநோய் என்ற எண்ணமே வந்திருக்காது. பழைய அறுவைச் சிகிச்சை கணக்கில் வந்தது. பழைய சீதபேதி வந்ததாகத் தெரியவில்லை. பிறகு புற்றுநோய் இல்லை என்று ஆனதும் கல்லீரலையும் சேர்த்தே விட்டுவிட்டார்கள். மறுபடியும் காசநோய்.

வருத்தமான விஷயம் என்னவென்றால், அமீபாவுக்கு அப்போதே மருந்து இருந்தது. 1912ல் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் என்ற மருத்துவர், ஒரு வேரிலிருந்து எடுத்த எமிட்டின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டு அமீபா சீதபேதியைக் குணப்படுத்திக் காட்டியிருந்தார். போர்முனைகளில் இந்த நோய் கண்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் ராமானுஜன் இங்கிலாந்தில் இருந்த அதே ஆண்டுகளில் இந்த மருந்தால் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் படுக்கையில் கிடந்தபடிதான் 1918 மே மாதம் அவர் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அக்டோபரில் டிரினிட்டி ஃபெல்லோ. பட்னியில் பார்க்க வந்த ஹார்டி, தான் ஏறிவந்த டாக்சியின் எண் 1729 சாதாரண எண் என்று குறைபட, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று படுத்துக்கொண்டே பதில் சொன்னதும் அந்தக் காலத்தில்தான்.

போர் முடிந்தது, கடல் திறந்தது. 1919 மார்ச் கடைசியில் பம்பாய் வந்து, ஏப்ரல் 2 அன்று மெட்ராஸ் சேர்ந்தார். முதலில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் ஒரு வக்கீல் பங்களா. இன்று நாம் ராதாகிருஷ்ணன் சாலை என்கிறோமே, அதுதான். பிறகு லஸ் சர்ச் சாலை வெங்கட விலாஸ். ஜானகி வந்து சேர்ந்தது இப்போதுதான். பத்து ஆண்டு மணவாழ்க்கையில் கணவனும் மனைவியும் உண்மையில் சேர்ந்து இருந்த காலம் இந்தக் கடைசி ஓராண்டுதான் என்றுகூடச் சொல்லலாம். கோடை தாங்காமல் காவிரிக்கரை கொடுமுடிக்குப் போனார்கள், பிறகு கும்பகோணம். காசநோய் நிபுணர் டாக்டர் சந்திரசேகர் அங்கே பார்த்து, மெட்ராஸுக்கே வந்துவிடும்படி வற்புறுத்தினார். 1920 ஜனவரியில் சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலைப் பக்கம் குடிவந்தார்கள்.

சென்னை மருத்துவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெப்ப நாட்டு மருத்துவர்களுக்குக் கல்லீரல் சீழ்க்கட்டி புதிதல்ல. ஆனால் நோயாளி வந்தபோதே நெற்றியில் காசநோய் என்ற சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர்கள் சீமை மருத்துவர்கள். அதைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து கேள்வி கேட்க யாருக்குத் துணிவு வரும்? இன்றும் இது நடக்கிறது. எங்கள் மஹல்லாவில் ஒரு பையன், டூவீலர் மெக்கானிக், ஒரு மாதமாக விட்டு விட்டுக் காய்ச்சல். ஓர் இடத்தில் டைஃபாய்டு என்றார்கள். வலது தோள் வலிக்கிறது என்றதற்கு வேலைப்பளு என்று தைலம் கொடுத்தார்கள். அவனுடைய உம்மா என்னிடம் ஓதித் தண்ணீர் வாங்க வந்தார். ஓதிக் கொடுத்தேன். பையனுக்கு முன்னால் எப்போதாவது வயிற்றுக்கடுப்பு வந்ததா என்று கேட்டேன். எனக்கு மருத்துவம் தெரியாது, ராமானுஜன் கதை தெரியும், அவ்வளவுதான். ஆறு மாதம் முன்பு வந்ததாம். வேறு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. பத்து நாள் மெட்ரோனிடசோல், பிறகு குடலில் மிச்சம் இருக்கும் அமீபாவைக் கொல்ல இன்னொரு மாத்திரை. அல்ஹம்துலில்லாஹ், இப்போது கடை வைத்திருக்கிறான். அந்த இரண்டாவது மாத்திரையைப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கட்டி ஆறிவிட்டதே என்று நினைப்பு. குடலில் உறங்குவது மறுபடி கிளம்பினால் கதை முதலிலிருந்து தொடங்கும். தண்ணீரில் போடும் குளோரினுக்கும் அதன் ஓடு சுலபமாக மசியாது, கொதிக்கவைத்தால் செத்துவிடும்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. 1988ல் சென்னை ஆய்வாளர்கள் அதை ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக லான்செட் இதழில் எழுதினார்கள். பிறகு வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. கீழாநெல்லி கொடுத்த பின் காமாலை இறங்கியது என்றால், பெரும்பாலும் அது தானாகவே இறங்குகிற ஏ வகையாக இருந்திருக்கும். காமாலைக்கு ஓதிப் பார்க்க என்னிடம் வருகிறவர்களிடம், முதலில் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டுங்கள், பிறகு துஆச் செய்கிறேன் என்றுதான் சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது.

சேத்துப்பட்டுக்கு வருவோம். நம்பெருமாள் செட்டியாரின் வீடுகள் அங்கே இருந்தன. ராமானுஜன் குடும்பம் முதலில் தங்கிய வீட்டின் பெயர் குத்ஸியா. அரபுப் பெயர், தூய்மையானது என்று பொருள். எப்படி அந்தப் பெயர் வந்தது என்று பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். அடுத்து கிரைனன்ட் என்ற வீடு. அந்தப் பெயரின் முதற்பகுதி ஆங்கிலத்தில் அழுகையைக் குறிப்பதால் அவருக்குப் பிடிக்கவில்லையாம். கடைசியாக கோமெத்ரா. அங்கேதான் முடிவு.

1920 ஜனவரி 12 அன்று ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். போலி தீட்டா சார்புகள் என்று தாம் புதிதாகக் கண்டவற்றை அதில் விவரித்தார். அதற்குப் பிறகும் இறப்பதற்குச் சில நாள் முன்பு வரை, படுக்கையில் தாளைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டே இருந்தார். 100 பக்கங்களுக்கு மேல் இருந்த அந்தத் தாள்கள் கேம்பிரிட்ஜுக்குப் போய் எங்கோ முடங்கிக் கிடந்தன. 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் டிரினிட்டி நூலகப் பெட்டி ஒன்றில் அவற்றைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ 600 சூத்திரங்கள். பல ஆண்டுகள் உழைத்து ஒவ்வொன்றாக நிரூபித்தார்கள். கடைசி ஓராண்டு வேலை, அதுவும் காய்ச்சலோடு.

ஜானகிக்கு அப்போது வயது 20, 21தான். நேரம் தவறாமல் சோறும் மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுப்பது, வலிக்கிறது என்று சொன்னால் நெஞ்சுக்கும் கால்களுக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது அவர் வேலை. ஏப்ரல் 26 காலையில் நினைவு தப்பி, சற்று நேரத்தில் ராமானுஜன் இறந்தார். கடல் கடந்து போனவர் என்பதால் ஆசாரமான உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.

பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. எனவே யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வைட்டமின் குறைவு என்றார்கள், குளிர் என்றார்கள், ஈயம் நஞ்சானது என்றும் ஒரு கருத்து வந்தது. 1994ல் டி.ஏ.பி. யங் என்பவர், எஞ்சியிருந்த மருத்துவக் குறிப்புகளையும் கடிதங்களையும் வரிசைப்படுத்தி ஆராய்ந்து, ராயல் சொசைட்டியின் வரலாற்று இதழில் கட்டுரை எழுதினார். நுரையீரல் அறிகுறிகள் இல்லாத காய்ச்சல், கல்லீரலைச் சுட்டிய பேட்டி ஷாவின் சந்தேகம், இந்தியாவில் இரண்டு முறை வந்த சீதபேதி, மூன்றையும் சேர்த்து வைத்தால் அமீபா கல்லீரல் நோய்தான் பொருந்துகிறது என்பது அவர் முடிவு. அதற்குப் பிறகு இதையே பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

இன்று தரமணியில் ராமானுஜன் பெயரில் ஐ.டி. வளாகம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் அடையாறிலிருந்து அங்கே வேலைக்குப் போகிறார்கள். சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் கணித நிறுவனமும் அவர் பெயரில்தான்.

ஜானகி 21 வயதில் விதவையாகி, சில காலம் பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்து தையலும் ஆங்கிலமும் கற்றுக்கொண்டு திருவல்லிக்கேணிக்குத் திரும்பினார். துணி தைத்தும் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தும் பிழைத்தார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். ராமானுஜனுக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் போட்ட இரண்டு பாத்திரங்களை முதுமை வரை பத்திரமாக வைத்திருந்தார். அவர் இறந்தது 1994 ஏப்ரலில், யங்கின் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டு.